டர்ஹாமின் ஆற்றங்கரைப் பாதைகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இங்கிலாந்தின் வடகிழக்கில் இருக்கும் டர்ஹாமில் 22 ஆண்டுகளாக வசிக்கிறேன். வியர் ஆற்றங்கரையில் நடப்பதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

மகளின் பட்டமளிப்பு விழாவுக்கு ஜூலையில் வருகிறோம். இரண்டே நாள். பேராலயத்தையும் கோட்டையையும் பார்த்தால் போதாதா? காட்டுக்குள் நடந்தே ஆக வேண்டுமா?
வாசகி, கோயம்புத்தூர்

விழாவே பேராலயத்துக்குள்தான் நடக்கும். அதனால் அதை எப்படியும் பார்த்துவிடுவீர்கள். வாசலில் படம் எடுத்துக்கொண்டு அப்படியே அறைக்குத் திரும்பிவிடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். அந்தக் கட்டடம் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்பது ஆற்றுக்கு இறங்கினால்தான் புரியும்.

பனியூழியின்போது வியர் ஆற்றின் பழைய பள்ளத்தாக்கு பனிப்பாறைகள் கொண்டுவந்த மண்ணாலும் களியாலும் தூர்ந்துபோனது. பனி உருகியதும் ஆறு புதிய வழி தேடி, மணற்பாறையை அறுத்துக்கொண்டு, குதிரை லாடம் போல வளைந்தது. நடுவில் ஒரு மேடு, மூன்று பக்கமும் ஆழத்தில் ஆறு. இந்தப் பகுதி மக்கள் போற்றிய கிறிஸ்தவ மகான் புனித கத்பர்ட்டின் உடலைச் சுமந்து அலைந்த துறவிகள் 995இல் இந்த மேட்டில்தான் தங்கினார்கள். 1072இல் கோட்டையும் 1093இல் இன்றைய பேராலயமும் எழத் தொடங்கியதும் இதே பாதுகாப்பை நம்பித்தான்.

கரையில் நிற்கும் ஓக், பீச் மரங்களைப் பார்த்து ஆதிகாலத்துக் காடு என்று எண்ணிவிடுவோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தேன். எதிரி மறைந்து ஏறிவிடக் கூடாதென்று இடைக்காலத்தில் இந்தச் சரிவுகளை மொட்டையாகவே வைத்திருந்தார்கள். மரம் நட்டு, உலாவும் பாதை போட்டதெல்லாம் 18ஆம் நூற்றாண்டில்.

ஃபிராம்வெல்கேட் பாலத்தருகே மேற்குக் கரையில் இறங்குங்கள். ஆறு உங்கள் இடப்புறம் இருக்கட்டும். சற்று தூரத்தில் தடுப்பணையில் நீர் விழும் ஓசை கேட்கும். எதிர்க்கரையில் பழைய துணி ஆலை, அதற்கு நேர் மேலே பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்கள். அங்கே கொஞ்சம் நில்லுங்கள். பிறகு பிரெபெண்ட்ஸ் பாலம் வரும். 1771 வெள்ளம் முந்தைய பாலத்தை அடித்துச் சென்றபின் கட்டப்பட்டது இது. அதைக் கடந்து உட்கரை வழியாக எல்வெட் பாலம் வரை வாருங்கள். நிதானமாக நடந்தால் ஒன்றரை மணி நேரம். காலை ஏழு மணிக்குப் போனால் நீங்களும் நீர்ப்பறவைகளும்தான்.

ஆகஸ்டில் கரை முழுக்க இளஞ்சிவப்புப் பூக்களைப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் காசித்தும்பை போலவே இருந்தது. அங்கே எப்படி வந்தது?
வாசகர், திண்டுக்கல்

உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. அது காசித்தும்பைக்கு நெருங்கிய உறவு. இமயமலைச் சாரலில் பிறந்த செடி. 1839இல் தோட்டத்து அழகுக்காகப் பிரிட்டனுக்குக் கொண்டுவந்தார்கள். ஆள் உயரத்தையும் தாண்டி வளரும். முற்றிய காயைத் தொட்டால் நம் காசித்தும்பைக் காய் வெடிக்குமே, அதே குணம் இதற்கும் உண்டு. ஆனால் இது ஏழு மீட்டர் தூரம் வரை விதையைத் தெறிக்கவிடும். அவை ஆற்றில் விழுந்து அடுத்த ஊர்க் கரையிலும் முளைக்கும்.

முதல் முறை பார்த்தபோது அம்மா வீட்டு முற்றம் நினைவுக்கு வந்து, அந்தச் செடிகளின் நடுவே வெகுநேரம் நின்றேன். அதனால் சொல்லவே கஷ்டமாக இருக்கிறது: இந்தச் செடி இங்கே இருக்கக் கூடாது. கோடையில் மற்றச் செடிகளுக்கு வெயில் விடாமல் மூடிக்கொள்ளும். பனிக்காலத்தில் தானும் மடிந்துவிடும். அப்போது கரையில் மண்ணைப் பிடித்துக்கொள்ள வேரே இருக்காது, வெள்ளம் வந்து மண்ணை அரித்துப்போகும். ஆகவே காய் பிடிக்கும் முன்பே தன்னார்வலர்கள் கூடிப் பிடுங்குகிறார்கள். வேர் ஆழமில்லை, இழுத்தவுடன் வந்துவிடும். நானும் ஆண்டுதோறும் போகிறேன்.

மரத்தடியில் பூண்டு வாசனை வீசும் இலைகளைப் பறித்துத் துவையல் அரைக்கலாமா? சட்டப்படி குற்றமா?
வாசகி, லண்டன்

தாராளமாக அரைக்கலாம். அது காட்டுப்பூண்டு. மார்ச், ஏப்ரலில் இலை இளசாக இருக்கும். வெள்ளைப் பூ பூத்தபின் சுவை குறையும். காட்டில் தானாக வளர்ந்த செடியின் இலை, பூ, பழங்களை விற்பனைக்காக அல்லாமல் பறிப்பது 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டப்படி திருட்டு ஆகாது. ஆனால் நிலச் சொந்தக்காரரின் அனுமதியில்லாமல் வேரோடு பிடுங்குவது 1981ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். அதனால் செடிக்கு ஓர் இலை போதும். இயற்கைக் காப்பகம் என்று பலகை வைத்திருந்தால் அதையும் தொட வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. காட்டுப்பூண்டின் நடுவிலேயே காட்டுச்சேம்பு வகையைச் சேர்ந்த ஒரு நச்சுச் செடியும் முளைக்கும். இளசாக இருக்கும்போது இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கை நிறைய அள்ளாமல் ஒவ்வோர் இலையாகப் பார்த்துப் பறியுங்கள். முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்பார்கள். நான்கு இலை பறித்தபின் விரலெல்லாம் பூண்டு மணந்துவிடும், அதன்பிறகு மூக்கு பயன்படாது. கண்ணைத்தான் நம்ப வேண்டும்.

வரைபடத்தில் உள்ள பாதை ஒரு விவசாயியின் வயலுக்குள் போகிறது. உள்ளே நுழைந்தால் சண்டைக்கு வர மாட்டார்களா?
வாசகர், திருச்சி

நம் ஊர்ப் பத்திரங்களில் 'வழிநடைப் பாத்தியம்' என்று எழுதுவார்களே, அதை ஊருக்கே பொதுவாக்கியது போன்ற உரிமை இங்கே உண்டு. நிலம் அவருடையது, அந்தப் பாதையில் நடக்கும் உரிமை உங்களுடையது. இத்தகைய பாதைகளைக் கணக்கெடுத்து அதிகாரபூர்வ வரைபடத்தில் ஏற்ற வேண்டும் என்று 1949இல் சட்டம் வந்தது. 20 ஆண்டுகள் தடையின்றி மக்கள் நடந்த வழியைப் பொதுப்பாதை என்று கோரவும் வழியிருக்கிறது. எந்த அரசரும் தானமாகக் கொடுத்ததல்ல. வேலைக்கும் கோயிலுக்கும் சந்தைக்கும் போனவர்களின் கால்கள் சம்பாதித்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

மஞ்சள் அம்பு என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் வரும். பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வே வெளியிடும் 308ஆம் எண் வரைபடத்தை வாங்கிக்கொள்ளுங்கள். டர்ஹாமைச் சுற்றியுள்ள பொதுப்பாதைகள் பச்சைக் கோடுகளாக இருக்கும். திறந்திருந்த கதவைத் திறந்தபடியும், மூடியிருந்ததை மூடியும் விட்டுச் செல்லுங்கள். கன்றுள்ள மாட்டுக்கு அருகே போகாமல் சுற்றிப் போங்கள். நம் வீட்டு லட்சுமி என்று தடவப் போக வேண்டாம்.

எனக்கு 68 வயது, மூட்டு வலி. படியும் சரிவும் முடியாது.
வாசகர், சேலம்

உங்களுக்குப் பழைய ரயில் தடங்கள் இருக்கின்றன, ஐயா. இது நிலக்கரி நாடு. சுரங்கங்களுக்காகப் போட்ட ரயில் பாதைகள் மூடப்பட்டபின் தண்டவாளத்தை எடுத்துவிட்டு நடைபாதை ஆக்கினார்கள். நகருக்கு மேற்கே புரூம்பார்க்கில் மூன்று தடங்கள் கூடுகின்றன. ரயில் ஏறிய சரிவு என்பதால் முழங்காலுக்கு ஏறுவதே தெரியாது. இருபுறமும் மரங்கள் கவிந்திருக்கும்.

ஒரே ஒரு பாதையைத்தான் சொல்ல வேண்டும் என்றால்?
வாசகி, யாழ்ப்பாணம்

ஃபிங்கல் மடத்துக்குப் போகும் பாதை. ஆற்றோடு வடகிழக்கே போனால் முதலில் கெப்பியர் மருத்துவமனையின் 14ஆம் நூற்றாண்டு நுழைவாயில், பிறகு காடு. நகரிலிருந்து சுமார் 6 கி.மீ. தொலைவில், ஆறு வளையும் இடத்தில் கூரையில்லாத கல் மண்டபங்கள் நிற்கும். காட்ரிக் என்பவர் கூடைச் சாமான் விற்று, கடலோடி, யாத்திரை போய், கடைசியில் இந்த வளைவில் குடிசை போட்டுத் தவமிருந்தார். 1170இல் இறக்கும்வரை ஏறக்குறைய 60 ஆண்டுகள்! பனிக்கால இரவுகளில் கழுத்தளவு ஆற்றுநீரில் நின்று பிரார்த்தித்தாராம். அவர் பாடிய பாடல்கள், இசைக்குறிப்போடு கிடைத்துள்ள மிகப் பழைய ஆங்கிலப் பாடல்களில் சேர்ந்தவை. நம் சித்தர் ஒருவரின் கதையைப் போலவே இருக்கிறது, இல்லையா? பின்னாளில் டர்ஹாம் துறவிகள் முறைவைத்து இங்கே ஓய்வெடுக்க வந்தார்கள்.

புறப்படும் நேரத்தில் கவனம் வேண்டும். நான் வந்த முதல் டிசம்பரில் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். நான்கு மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிட்டது. மடத்திலிருந்து திரும்பும்போது காட்டில் பாதைக்கும் சேற்றுக்கும் வித்தியாசம் தெரியவில்லை; கீழே ஆறு இரைந்துகொண்டிருந்தது. மரத்துக்கு மரம் கைவைத்துத்தான் வெளியே வந்தேன். ஜூனில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும், பனிக்காலத்தில் காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

புடவையில் நடக்க முடியுமா?
வாசகி, மதுரை

நகரை ஒட்டிய பாதையில் முடியும், நல்ல பிடிப்புள்ள ஷூ இருந்தால். காட்டுப் பாதைக்குச் சுடிதாரும் நீளமான காலுறையும் நல்லது. காஞ்சொறி போல அரிக்கும் செடி வழியெங்கும் இருக்கும், புல்லில் உண்ணியும் உண்டு. வீடு திரும்பியதும் கணுக்கால், முழங்காலின் பின்புறம் இரண்டையும் பார்த்துவிடுங்கள்.