இலை இருக்கிறது, பூ எங்கே?

கேள்வி: மாடித் தொட்டியில் குண்டுமல்லி வைத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இலை தளதளவென்று இருக்கிறது, கொடி கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஓடுகிறது. பூ மட்டும் இல்லை. வாரம் தவறாமல் யூரியா போடுகிறேன். என்ன குறை? – வாசகி, திண்டுக்கல்

பதில்: குறை ஒன்றுமில்லை அம்மா, உபசாரம்தான் அதிகம். யூரியா முழுக்கத் தழைச்சத்து. செடி இலையாகத்தான் தள்ளும். அதை இன்றே நிறுத்துங்கள்.

அடுத்தது கவாத்து. குண்டுமல்லி புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். நவம்பர் கடைசி வாரத்தில், மண்ணிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே உள்ளதையெல்லாம் வெட்டிவிடுங்கள். மனம் வராதுதான். நான் முதன்முதலில் வெட்டியபோது பாதியோடு கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். வெட்டிய பாதி மார்ச்சில் பூத்துக் குலுங்கியது. விட்ட பாதி வெறும் பச்சை. வீட்டில் அதைச் சொல்லி இன்றும் சிரிப்பார்கள்.

வெட்டியதும் மக்கிய சாண எரு இரண்டு கை போடுங்கள். நாள் முழுக்க வெயில் படட்டும். மொட்டில் சிறு துளை தெரிந்தால் உள்ளே மொட்டுப்புழு இருக்கிறது. அந்த மொட்டைக் கிள்ளி எறிந்துவிட்டு, மாலையில் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளியுங்கள்.

வெட்டிய குச்சிகளை எறிய வேண்டாம், மண்ணில் ஊன்றி வேர்விட வைக்கலாம். இந்த மல்லி விதை பிடிப்பது அபூர்வம். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கே நாற்று இராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்திலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது, அதுவும் குச்சியில் வேர்விட வைத்ததுதான்.