எல்லையில் பண்டிகை: பாதிரி சாப் பதில்கள்

ராணுவத்தில் மதபோதகராக இருந்து, சுபேதாராக ஓய்வு பெற்று, இப்போது தாமிரபரணிக் கரையோரம் குடியிருக்கிறேன். பட்டாலியனில் நான் 'பாதிரி சாப்'. ஊரில் 'ஐயரே'. நம்ம பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்பது வடக்கே யாருக்கும் புரியாது. முதல் வருடம் எங்கள் படையின் இந்து குரு பண்டிட்ஜியே என்னை ஒரு மாதிரிதான் பார்த்தார். டிசம்பர் பிறந்ததும் கேள்விகள் குவிந்துவிட்டன. தெரிந்ததைச் சொல்கிறேன்.

மெஞ்ஞானபுரம் ஆசிரியை: போர்முனையில் கிறிஸ்துமஸ் ஆராதனை உண்டா ஐயரே? நடுராத்திரியில் நடக்குமா?

உண்டு. ஆனால் 25-ஆம் தேதிதான் நடக்கும் என்று நினைக்காதீர்கள். 2001 டிசம்பர் 13-ல் நாடாளுமன்றத்தைத் தாக்கினார்கள். விடுப்பில் இருந்தவர்களையெல்லாம் திரும்ப அழைத்தார்கள், படை முழுக்க எல்லைக்கு நகர்ந்தது. அடுத்த அக்டோபர் வரை அங்கேயேதான். நாங்கள் மலைப்பக்கம். முகடு நெடுகக் காவல் நிலைகள், பாதிரி நான் ஒருவன். 20-ஆம் தேதி நடக்கத் தொடங்கி ஜனவரி 4-ல் முடித்தேன். அந்த வருடம் எனக்கு மட்டும் 11 கிறிஸ்துமஸ்.

ஒரு நிலையில் நம்மவர்கள் நாலு பேர்: சாத்தான்குளம் ஒருவன், குலசேகரம் ஒருவன், ஆந்திரா இரண்டு. திருவிருந்துக்குக் குப்பியைத் திறந்தால் திராட்சரசம் உறைந்து கிடக்கிறது. புகாரி அடுப்பில் வைத்தால் கண்ணாடி வெடித்துவிடும் என்று பயம். கோட்டுக்குள்ளே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜெபத்தைத் தொடங்கினேன். ஜெபம் முடியும்போது பாதிதான் இளகியிருந்தது; அதுவே போதும். அப்பத்துக்கு லங்கரில், அதாவது படைச் சமையலறையில், சுட்ட சப்பாத்தி. டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டிய வெளிச்சம். பாட்டு தொண்டைக்குள்ளேயே; மெட்டு ஒன்று, மொழி இரண்டு.

வெளியே காவல் நின்றவன் கோவில்பட்டிப் பையன். இவர்கள் நாலு பேரும் உள்ளே உட்கார வேண்டும் என்று தன் முறை முடிந்தும் இன்னொரு முறை நின்றான். பார்சலில் வந்த கேக்கை நீட்டினேன். "முட்டை போட்டிருப்பாங்கல்லா ஐயரே" என்று கையை இழுத்துக்கொண்டான். கழுத்தில் துளசி மாலை.

வள்ளியூர்: மகன் இறையியல் முடித்திருக்கிறான். ராணுவப் பாதிரியாக என்ன வழி? தெரிந்த ஆள் ஒருவர் வாங்கித் தருகிறேன் என்கிறார்.

அந்தத் தெரிந்த ஆளுக்கு ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். பட்டப்படிப்பு வேண்டும். குருப்பட்டம் பெற்று, பேராயரின் அங்கீகாரப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். ஆண்களுக்குத்தான். எடுபட்டால் நாயப் சுபேதாராக, அதாவது இளநிலை அதிகாரியாகச் சேர்வார். வயது வரம்பு அறிவிக்கையில் இருக்கும், அதைப் படியுங்கள். ராணுவ ஆள்சேர்ப்பு இணையதளம் தவிர வேறு வாசல் கிடையாது.

மேலப்பாளையம்: மௌலவிகளும் உண்டா? நோன்பு பிடிக்க விடுவார்களா?

உண்டு பாய். பண்டிட், சீக்கியருக்குக் கிரந்தி, மௌலவி, பாதிரி எல்லாரும் உண்டு. கூர்க்காக்களுக்குத் தனிப் பண்டிட். லடாக் சாரணர் படைக்கு ஷியா மௌலவியும் பௌத்தத் துறவியும். எங்களுக்கெல்லாம் பூனாவில் ஒரே இடத்தில் பயிற்சி. மற்றவர் வழிபாட்டையும் கற்றுக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். நோன்பு பிடிப்பவர்கள் இருந்தால் எங்கள் லங்கரில் மூன்று மணிக்கே அடுப்பு பற்றும். ரோந்து போகிற அன்றைக்கு நோன்பை விட்டுவிட்டுப் பிறகு பிடிக்கச் சொல்வார் மௌலவி சாப். பயணத்தில் இருப்பவனுக்கு மார்க்கத்திலேயே அந்தச் சலுகை இருக்கிறதே.

சுத்தமல்லி: அண்ணன் மகன் குருப்பட்டம் வாங்கியிருக்கான், ராணுவத்தில் சேர…

வள்ளியூர் பதில்.

அம்பாசமுத்திரம் அம்மா: பங்குனி உத்திரத்துக்கு மூணு வருசமா மகன் சாஸ்தா கோயிலுக்கு வரலை. திருநீறு அனுப்பலாமா? அல்வாவும் கேட்கான்.

திருநீற்றைக் காகிதத்தில் மடித்துக் கடிதத்துக்குள் வையுங்கள் தாயி. பர்ஸில் வைத்துக்கொண்டு ரோந்துக்கு முன்னால் தொட்டுக்கொள்வான், நான் பார்த்திருக்கிறேன். அல்வா அங்கே குளிரில் செங்கல் மாதிரி ஆகிவிடும், ஆனாலும் அனுப்புங்கள், அடுப்புப் பக்கம் வைத்து இளக்கித் தின்பார்கள். ஒன்று மட்டும்: முகவரியில் எண், பெயர், யூனிட், 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ (ராணுவத் தபால் நிலைய எண்), அவ்வளவுதான். எந்த மலை, எந்த ஊர் என்று எழுதாதீர்கள். அவன் அனுப்பும் போட்டோவை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடவும் வேண்டாம்.

பாளையங்கோட்டை: கோயில் கருவறைக்குள் வர மறுத்த கிறிஸ்தவ அதிகாரியை நீக்கியது சரியா?

2025 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றமும், நவம்பரில் உச்ச நீதிமன்றமும் நீக்கம் செல்லும் என்று சொல்லிவிட்டன. சட்டத்தை வக்கீலிடம் கேளுங்கள். என்னைக் கேட்டால், சிப்பாய் எங்கே கும்பிடுகிறானோ அங்கே அவனோடு நிற்பது அதிகாரியின் வேலை. அவருடைய மனச்சாட்சியை எடைபோட எனக்குத் தராசு கிடையாது.

திசையன்விளை: படாகானா என்கிறார்களே, நம்ம சபை விருந்து அசனம் மாதிரியா? கறி உண்டா?

அசனமேதான். அதிகாரியும் சிப்பாயும் ஒன்றாகச் சாப்பிடுவது. கறி உண்டு. நான் சொன்ன அந்த நிலையில் மட்டும் அந்த வருடம் பருப்பும் பூரியும் டின் அன்னாசியும். ஆறு பேர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார்கள். அடுப்பு ஒன்று, பாத்திரம் ஒன்று.

மறுபடி திசையன்விளை: கிறிஸ்துமஸுக்குச் சைவமா? விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது.

கேட்டது நானில்லை அண்ணாச்சி. வெளியே நின்றவன் கேக்கைத் தொடாததைப் பார்த்துவிட்டு, சாத்தான்குளத்துப் பையன்தான் லங்கருக்குப் போய்ச் சொன்னான்.

சங்கரன்கோவில்: பூட்ஸும் சவரமுமாக என்ன விரதம்?

பண்டிட்ஜியிடம் ஒருவன் இதையே கேட்டான். "வெறுங்காலோடு பனியில் நின்றால் விரல் கருத்து உதிரும். விரல் இல்லாமல் பதினெட்டாம்படி எப்படி ஏறுவாய்? பூட்ஸைப் போடு, விரதம் என் பொறுப்பு" என்றார். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

திசையன்விளை: தனியாகக் கொஞ்சம் கறி…

வே, மண்ணெண்ணெய் அங்கே மனிதன் முதுகிலும் கழுதை முதுகிலும்தான் ஏறி வரும். இன்னொன்று சொல்கிறேன். 1914 கிறிஸ்துமஸுக்கு இங்கிலாந்து இளவரசி மேரி பெயரில் சிப்பாய்களுக்குப் பித்தளைப் பெட்டி கொடுத்தார்கள். பிரான்சில் சண்டைபோட்ட நம்ம ஆட்களுக்கும் வந்தது. கூர்க்காக்களுக்கு வெள்ளைக்காரனுக்குக் கொடுத்ததே. சீக்கியருக்குப் புகையிலை ஆகாது, அதனால் கற்கண்டும் மசாலா டப்பாவும். மற்ற இந்தியருக்குச் சிகரெட், கற்கண்டு, மசாலா. அந்த வருடம் ஜெர்மானியரோடு துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு நின்றவர்களில் 39-ஆம் கார்வால் ரைபிள்ஸ்காரர்களும் உண்டு. ஊரைப் பிடித்து ஆண்ட வெள்ளைக்காரனே யாருக்கு எது ஆகாது என்று பார்த்துக் கட்டியிருக்கிறான். நம்ம லங்கர்காரன் பார்க்கக் கூடாதா? கறிக் கேள்வி இத்தோடு போதும்.

கல்லூரி மாணவர்: எதிரி பிடித்தால் பாதிரியும் கைதியா?

1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி இல்லை. கைதிகளின் ஆன்மிகத் தேவைக்கு வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் திருப்பி அனுப்ப வேண்டும்.

நாங்குநேரி: வயசு 41, போதகர் பயிற்சி முடித்திருக்கேன், சேர முடியுமா?

வள்ளியூர். வள்ளியூர். ஏஜெண்ட் யாராவது 'முடியும்' என்றால் அவனை நம்பாதீர்கள்.

களக்காடு: எல்லைப் பாதுகாப்புப் படையில்…

அது உள்துறை, என் கணக்கில் வராது. அங்கே வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள்.

ராதாபுரம்: வீட்டுக்காரர் எல்லையில் இருக்கார். கிறிஸ்துமஸ் ராத்திரி லைன் கிடைச்சா என்ன பேசட்டும்? அழுகைதான் வருது.

அழுதாலும் பரவாயில்லை தாயி, 'எப்ப வருவீங்க' என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு அவரிடம் பதில் இருக்காது. போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வி அவரோடு காவலுக்கு வரும். பண்டிகை ராத்திரிதான் எங்களுக்கு ரொம்பப் பயம். சண்டை நடக்கிற ராத்திரியில் சிப்பாய்க்கு வீட்டு நினைப்பு வர நேரம் இருக்காது. வீட்டுக் கதையைச் சொல்லுங்கள். கீத பவனிக்கு யார் யார் வந்தார்கள், யார் சுருதி விட்டுப் பாடினார்கள், முறுக்கு எத்தனை படி. வாசலில் கட்டிய நட்சத்திரத்தில் பல்பு எரியவில்லை என்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள். வயர் எங்கே விட்டிருக்கும், ஹோல்டரா பல்பா என்று யோசித்துக்கொண்டே இரண்டு மணி நேரக் காவலைக் கழித்துவிடுவார்.