6 வயதுப் பையன் தினமும் குறட்டை விடுகிறான். ஸ்லீப் ஸ்டடி அவசியமா?

ராத்திரி முழுக்கத் தூக்கத்தையும் மூச்சையும் பதிவு செய்து பார்க்கும் இந்த ஸ்டடிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார், வீட்டுப் பெரியவர்கள் "சின்னப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். என் மாமியாரும் இதையேதான் சொன்னார். "புள்ள அசந்து தூங்குது, அதப் போய் நோயின்றியே." அந்தப் பேச்சைக் கேட்டு ஒரு வருஷம் சும்மா இருந்தேன். நீங்கள் இருக்காதீர்கள், ஸ்டடியை எடுத்துவிடுங்கள்.

நான் டாக்டர் இல்லை. தண்டையார்பேட்டையில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். என் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் மகன் வாயைத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்துத்தான் தூங்குவான். தலையணை வியர்வையில் நனைந்திருக்கும். மூன்று வயதில் நின்றுபோன படுக்கையில் ஒண்ணுக்குப் போகும் பழக்கம் ஐந்தரை வயதில் திரும்ப வந்தது. பள்ளிக்கூட டைரியில் "ஓரிடத்தில் உட்காருவதில்லை, வீட்டில் கண்டிக்கவும்" என்று எழுதி அனுப்பினார்கள். கண்டித்தேன். இரண்டு தடவை அடித்தும் இருக்கிறேன், அது இன்னும் மனதை அறுக்கிறது. தூக்கம் கெட்டால் பெரியவர்கள் பகலில் தூங்கி வழிவார்கள், ஆனால் பல குழந்தைகள் அதற்கு நேர்மாறாகப் படபடவென்று, எரிச்சலாக இருப்பார்கள் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு ராத்திரி கரண்ட் போயிற்று. ஃபேன் சத்தம் நின்றதும் அவன் குறட்டை மட்டும் கேட்டது. திடீரென்று அதுவும் நின்றது. செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். நெஞ்சு ஏறி இறங்குகிறது, விலாவுக்குக் கீழே குழி விழுகிறது, ஆனால் மூக்கில் விரல் வைத்தால் காற்று இல்லை. அப்புறம் ஒரு உலுக்கல், மூச்சை வாரி இழுத்தான். அடுத்த தடவை அதை வீடியோ எடுத்தேன்.

காது மூக்கு தொண்டை டாக்டர் அந்த வீடியோவை இரண்டு முறை பார்த்தார். டான்சிலும் மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதையும் வீங்கி வழியை அடைத்திருந்தன. ஸ்லீப் ஸ்டடிக்கு ஒரு ராத்திரி அவன் பக்கத்திலேயே படுத்திருந்தேன். வலி எதுவும் இல்லை. தலையில் வயர்களை ஒட்டும் பசைதான் சீயக்காய் போட்டு இரண்டு தடவை அலசிய பிறகு போனது. மணிக்கு 7 தடவை மூச்சு தடைபடுகிறது என்று ரிப்போர்ட் வந்தது. பெரியவர்களுக்கு 5-ஐத் தாண்டினால்தான் கணக்கு, குழந்தைகளுக்கு 1-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டுமாம். ஆபரேஷன் செய்தோம். இப்போது வாயை மூடித் தூங்குகிறான்.

ஆபரேஷன் செய்யச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சளி பிடித்தால் வரும் குறட்டை சளியோடு போய்விடும். எல்லாக் குறட்டையும் நோய் இல்லை. எது நோய், எது இல்லை என்று பிரித்துப் பார்க்கத்தானே பரிசோதனை?

இதில் நான் எதிர்பார்க்காதது வேறு. டாக்டர் "அப்பா குறட்டை விடுவாரா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறார். எட்டுக் கேள்வி உள்ள ஒரு தாளைக் கொடுத்தார்கள், ஸ்டாப்-பாங் என்று பெயர். சத்தமான குறட்டை, பகல் சோர்வு, தூக்கத்தில் மூச்சு நிற்பதை யாராவது பார்த்தது, ரத்தக் கொதிப்பு, அதிக உடல் பருமன், 50-க்கு மேல் வயது, 40 சென்டிமீட்டருக்கு மேல் கழுத்துச் சுற்றளவு, ஆண் என்பது. "எனக்கு இன்னா, நல்லாத்தான தூங்குறேன்" என்றவரை உட்கார வைத்து என் தையல் டேப்பால் அளந்தேன். 17 அங்குலம், அதாவது 43 சென்டிமீட்டர். எட்டில் ஐந்து வந்தது, ஐந்தோ அதற்கு மேலோ வந்தாலே ஆபத்து அதிகம் என்று அர்த்தம். ஸ்டடியில் மணிக்கு 38. 30-க்கு மேல் என்றால் தீவிரம். இப்போது சிபாப் மெஷின் மாட்டித்தான் படுக்கிறார், முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி மூச்சு வழி அடைபடாமல் வைக்கும் மெஷின் அது. முதல் வாரம் பாதி ராத்திரியில் கழற்றி வீசினார், பழகிவிட்டது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்துக்குப் போகும் வண்டிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் ராத்திரி முழுக்க வரிசையில் நிற்கின்றன. கழிப்பறை இல்லை, காலை நீட்ட இடமில்லை, வண்டி நகர நகர எழுந்து எழுந்து ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். அப்படி வந்த மனிதர் ஒரு தடவை கண் அயர்ந்ததற்கு "குடிச்சிட்டு வந்தியா" என்று கேட்டார் முதலாளி. என் வீட்டுக்காரர் குடிப்பதே இல்லை. லைசென்சுக்குக் கண்ணைப் பார்க்கிறார்கள், தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

சரி, உங்கள் பையன் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டடிக்குத் தேதி கிடைக்கும் வரை வீடியோ எடுத்து வையுங்கள். விடியற்காலையில் எடுத்தால் நல்லது, அந்நேரம்தான் என் பையனுக்கு அதிகமாக இருந்தது. சட்டையைக் கழற்றிவிட்டு, முகமும் வயிறும் சேர்ந்து தெரிகிற மாதிரி, இரண்டு நிமிஷமாவது எடுங்கள். அப்போதுதான் அந்த விலாக் குழி டாக்டருக்குத் தெரியும்.