கராஜில் நுரையில்லை, சமையலறையில் பொங்குகிறது: முதல் பீரில் என்ன கோளாறு?

கேள்வி: இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வசிக்கிறேன். கடையில் வாங்கிய மால்ட் சாறு டப்பாவுடன் ஒரு கிலோ வெள்ளைச் சர்க்கரை சேர்த்து, 20 லிட்டர் பேல் ஏல் பீர் தயாரித்தேன். ஆறாம் நாள் குமிழி நின்றுவிட்டதால், அரை லிட்டர் பாட்டிலுக்கு அரைத் தேக்கரண்டி சர்க்கரை போட்டு மூடி, கராஜில் வைத்தேன். இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் நுரையே இல்லை. பச்சை ஆப்பிள் வாசம் அடிக்கிறது. சமையலறை ஹீட்டர் அருகே வைத்த நான்கு பாட்டில்களில் ஒன்றைத் திறந்தபோதோ பொங்கி வழிந்தது. கராஜ் பாட்டில்களில் இன்னும் கொஞ்சம் சர்க்கரை சேர்க்கலாமா?

பதில்: தயவுசெய்து சேர்க்க வேண்டாம். நீங்கள் போட்ட அளவு குறைவானதன்று. அரைத் தேக்கரண்டி என்பது ஏறக்குறைய 2 கிராம், அதாவது லிட்டருக்கு 4 கிராம். ஆங்கிலேய ஏல் வகைகளுக்குரிய மிதமான நுரைக்கு அது போதும். குறையாக இருந்தது வெப்பம். ஏல் ஈஸ்ட் 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரை சுறுசுறுப்பாக வேலை செய்யும். குளிர்காலக் கராஜில் அது ஏறக்குறைய உறங்கிவிடும். சர்க்கரை கரைந்தபடியே கிடக்க, கார்பன் டை ஆக்சைடு உண்டாவதில்லை.

பச்சை ஆப்பிள் வாசத்துக்கும் பெரும்பாலும் இதே வேர்தான். ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும் வழியில் அசிட்டால்டிஹைட் என்ற பொருள் உண்டாகிறது. அதில் ஒரு பகுதி செல்லுக்கு வெளியே கசிந்து, நொதித்தலின் கடைசி நாட்களில் ஈஸ்டாலேயே மீண்டும் உட்கொள்ளப்படுகிறது. அந்தக் கடைசி நாட்களை நீங்கள் கொடுக்கவில்லை. வெள்ளைச் சர்க்கரைதான் இந்த வாசத்துக்குக் காரணம் என்று பலர் சொல்வார்கள். என் கணிப்பில் அதன் மீது விழும் பழி மிகை. அது பீரின் உடலை, அதாவது வாயில் உணரும் கனத்தை, மெலிதாக்கும் என்பது மட்டும் உண்மை, ஆகவே அடுத்த முறை அதற்குப் பதிலாக உலர்ந்த மால்ட் சாற்றுப் பொடியைப் பயன்படுத்துங்கள்.

என்னைக் கவலைப்பட வைப்பது பொங்கி வழிந்த பாட்டில்தான். வெதுவெதுப்பாக இருக்கும்போது திறந்தால் சரியான பீரும் பொங்கக்கூடும், ஏனெனில் வாயு குளிர்ந்த திரவத்தில்தான் நன்றாகக் கரைந்து நிற்கும். ஆனால் குமிழி நின்றதை மட்டும் நம்பி ஆறாம் நாளே அடைத்திருப்பதால், முதன்மை நொதித்தல் முடியாமலே பாட்டிலுக்குள் போயிருக்கவும் வாய்ப்புண்டு. அப்படியானால் கராஜில் இருப்பவற்றை அப்படியே வெப்பத்துக்குக் கொண்டுவருவது ஆபத்து. கண்ணாடி வெடித்துச் சிதறலாம்.

இதை ஊகிக்க வேண்டியதில்லை, திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் மிதவைக் கருவியான ஹைட்ரோமீட்டரால் அளந்துவிடலாம். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் கைக்குத் தடித்த கையுறையும் அணிந்து, சமையலறையில் மிஞ்சிய மூன்றையும் குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றுங்கள். ஒரு நாள் கழித்து அவற்றில் ஒன்றையும் கராஜ் பாட்டில் ஒன்றையும் திறந்து, தனித்தனியே, ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்கு வாயு முழுவதும் போகும்வரை மாற்றி மாற்றி ஊற்றுங்கள். குமிழிகள் கருவியின் தண்டில் ஒட்டிக்கொண்டால் அதை மேலே தூக்கி, அளவைக் கூட்டிக் காட்டும். பீர் ஹைட்ரோமீட்டரில் அச்சிட்டிருக்கும் வெப்பநிலைக்கு வந்தபின் இரண்டையும் அளந்து ஒப்பிடுங்கள். சமையலறை பாட்டிலில் ஈஸ்ட் தன் வேலையை ஏறக்குறைய முடித்திருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே கராஜ் பாட்டில்களில் இன்னும் நொதிக்காமல் மிஞ்சியிருக்கும் சர்க்கரை.

அடர்த்தியில் (நீருக்கு 1.000) ஒரு புள்ளி, அதாவது 0.001 குறைந்தால், பீரின் கன அளவில் ஏறக்குறைய பாதியளவு கார்பன் டை ஆக்சைடு அதில் சேரும். சாதாரண ஏலுக்கு மொத்தம் 2 முதல் 2.5 மடங்கு வாயு போதுமானது. நொதித்தலின்போதே கரைந்து நின்றது ஏறக்குறைய 0.9 மடங்கு. ஆகவே கராஜ் பாட்டில் 1.012, சமையலறை பாட்டில் 1.010 என்று காட்டினால் கவலை இல்லை. எல்லாவற்றையும் 20 டிகிரி அளவிலுள்ள அறைக்கு மாற்றி, ஒவ்வொன்றையும் ஒருமுறை மெல்லத் தலைகீழாகக் கவிழ்த்து அடிவண்டலைக் கலக்கி, மூன்று வாரம் விட்டுவையுங்கள். ஆப்பிள் வாசமும் அதற்குள் பெருமளவு தணியும். வித்தியாசம் ஐந்து, ஆறு புள்ளி என்றால் மொத்தம் 4 மடங்கை நெருங்கும். சாதாரண பீர் பாட்டிலை நம்பி அந்த அழுத்தத்தை ஏற்றக் கூடாது. அந்நிலையில், அதே பாதுகாப்புடன், பாட்டில்களைக் குளிர்ந்த நிலையிலேயே திறந்து வாயுவை வெளியேற்றி, புதிய மூடி போட்டு, சில நாள் வெப்பத்தில் வைத்து, மீண்டும் குளிரவைத்துத் திறக்க வேண்டும். அடர்த்தி மாறாமல் நிற்கும்வரை இது தொடர வேண்டும். எல்லாவற்றையும் நொதிக்கவைத்த வாளிக்குத் திருப்பி ஊற்றாதீர்கள். காற்று கலந்து, நனைந்த அட்டைப்பெட்டிச் சுவை வந்துவிடும்.

ஆப்பிளுக்குப் பதில் வெண்ணெய் வாசம் வந்தால் அது நொதித்தலில் உண்டாகும் டைஅசிட்டைல் என்ற பொருள். அதற்கும் மருந்து வெப்பமும் பொறுமையுமே. மருந்துக்கடை அல்லது பிளாஸ்டர் வாசம் என்றால் குழாய்நீரின் குளோரினைச் சந்தேகிக்க வேண்டும். அது நாட்பட்டாலும் போகாது. அடுத்த முறை தயாரிக்கும் முன் 20 லிட்டர் நீரில் குளோரினை நீக்கும் கேம்டன் மாத்திரையில் பாதியைப் பொடித்துக் கலந்தால் போதும். அந்த முறை பாட்டிலில் அடைப்பதற்கு முன் மூன்று நாள் இடைவெளியில் இருமுறை அளந்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் மட்டும் அடையுங்கள். சர்க்கரையைக் கரண்டியால் பாட்டில் பாட்டிலாகப் போடாமல், மொத்தத்துக்கும் 80 முதல் 120 கிராம் வரை நிறுத்து, கொதிநீரில் கரைத்து ஆறவிட்டுப் பீரில் சீராகக் கலக்குங்கள். ஒரே ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலையும் நிரப்பி மற்றவற்றுடன் வைத்தால், அதை அழுத்திப் பார்த்தே மற்றவற்றில் வாயு ஏறிவிட்டதா என்று அறியலாம்.