பழைய ராணுவ உபரித் தோட்டாக்களைச் சுட்டால் ரைஃபிள் துருப்பிடித்துக் கெட்டுவிடுமா? மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் சுட்ட அன்று இரவே ரைஃபிள் குழலுக்குள் தண்ணீர் ஊற்ற உங்களுக்கு மனம் வருமா என்று முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் இல்லை, தண்ணீர். இதை யாராவது எனக்கு முன்கூட்டியே அழுத்திச் சொல்லியிருந்தால் என் மோசின் நாகான் என்ற பழைய ரஷ்ய ராணுவ ரைஃபிள் இன்று பழுதில்லாமல் இருந்திருக்கும். அதனால்தான் உங்கள் கேள்வியைப் பார்த்துவிட்டு எழுதாமல் போக முடியவில்லை.

நீங்களும் அன்றைய என் நிலையில்தான் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உரிமத்தோடு ஒரு பழைய ராணுவ ரைஃபிள் கையில் இருக்கிறது. புதுத் தோட்டா வாங்கிச் சுட்டுக் கட்டுப்படியாகவில்லை. யாரோ ஒருவர் பல பத்தாண்டுகளுக்கு முன்பு செய்த தோட்டாக்களைப் பெட்டியோடு தருகிறேன் என்கிறார்.

என்னுடையது 1939இல் ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் ஆலையில் செய்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் குழலின் நான்கு உள்வரிகளும் கண்ணாடிபோல் மின்னிக்கொண்டு சுழன்று போகும். ஒரு உலகப் போரைக் கடந்து வந்த துப்பாக்கி. எத்தனை பேர் கைமாறியதோ, அத்தனை பேரும் அந்தக் குழலைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அதைக் கெடுத்தவன் நான்.

ரைஃபிளோடு ஒரு சோவியத் தகர டப்பாவும் வாங்கினேன். உள்ளே 440 தோட்டாக்கள், இருபது இருபதாகக் காகிதப் பொட்டலங்களில். விற்றவர், "இந்தத் தொகுதி துருப்பிடிக்க வைக்காது" என்று அடித்துச் சொன்னார். முதல் நாளிலேயே மூன்று பொட்டலங்களைச் சுட்டேன். அன்று மாலை உட்கார்ந்து கடையில் இருந்ததிலேயே விலை கூடிய துப்பாக்கி எண்ணெயைப் போட்டு, துணித்துண்டு வெள்ளையாக வெளிவரும் வரை ஒரு மணி நேரம் துடைத்தேன். நான் சோம்பேறித்தனமாக விட்டுவிட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

பிறகு நான்கு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் சும்மா ஒருமுறை துணியை உள்ளே விட்டு இழுத்தேன். செங்கல் தூளில் புரட்டி எடுத்ததுபோல் வந்தது. விளக்கை வைத்துப் பார்த்தால் குழல்வாயிலிருந்து நான்கு விரல் உள்ளே, வரிகளின் ஓரமாகச் சிறு சிறு குழிகள். துருவைத் தேய்த்து எடுத்துவிட்டேன். குழியைத் தேய்த்து எடுக்க முடியாதே.

குற்றவாளி வெடிமருந்து இல்லை, தோட்டாவின் அடியில் இருக்கும் பிரைமர்; ஊசி அடித்ததும் முதலில் வெடித்து வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி அது. அந்தக் காலப் பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் சேர்த்தார்கள். வெடிக்கும்போது அது ஆக்சிஜனை இழந்து பொட்டாசியம் குளோரைடாக மாறிவிடுகிறது. சமையல் உப்பின் நெருங்கிய உறவு அது. குழல் நெடுகப் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. ஈரப்பதம் சுமார் 84 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த உப்பு அந்த ஈரத்திலேயே கரைந்து உப்புநீராகிவிடும். அதற்குக் கீழே இருந்தாலும் எஃகுக்கு அது நல்லதில்லை. உப்பு எண்ணெயில் கரையாது. நான் ஒரு மணி நேரம் உழைத்துச் செய்தது, உப்பின் மேல் எண்ணெயைப் பூசி மூடி வைத்ததுதான்.

புகையில்லா வெடிமருந்தின் அமிலம்தான் குழலைத் தின்கிறது என்று ஒரு காலத்தில் பலரும் நம்பினார்கள். அமெரிக்கச் சுரங்கப் பணியகம் 1922இல் வெளியிட்ட ஆய்வுதான் பிரைமரின் உப்பைக் காரணமாகக் காட்டியது. அதன் பிறகும் ராணுவங்கள் உடனே மாறவில்லை. குளோரேட் பிரைமர் கிடங்கில் பல்லாண்டு கிடந்தாலும் கெடாமல் வெடிக்கும். போருக்குச் சேமித்து வைப்பவர்களுக்கு அதுதான் முக்கியம். அமெரிக்கா தன் ரைஃபிள் தோட்டாக்களை 1950களின் தொடக்கத்தில்தான் மாற்றியது. ஆனால் அவர்களுடைய குட்டை ரைஃபிளுக்கான .30 கார்பைன் தோட்டா 1941இல் வந்த நாளிலிருந்தே துருப்பிடிக்க வைக்காத வகை. சோவியத் தோட்டாக்களிலோ 1970, 80களில் செய்தவைகூட உப்பு விடுபவைதான். ஆகவே ஆண்டை மட்டும் பார்த்தோ விற்பவர் பேச்சை மட்டும் கேட்டோ முடிவு செய்யாதீர்கள். சந்தேகம் இருந்தால் உப்பு உண்டு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சரியான வழியைக் காட்டியவர் சுடுதளத்துக்கு வரும் முன்னாள் ராணுவ வீரர் ஒருவர். துணித்துண்டை அவரிடம் காட்டி, "ஐயா, இவ்வளவு எண்ணெய் போட்டும் இப்படி ஆகிவிட்டதே" என்றேன். "தம்பி, எண்ணெயில் உப்பு கரையுமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு தளத்திலேயே கெண்டியில் தண்ணீர் கொதிக்க வைத்தார். குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைக் கழற்றி, பின்வாயில் வளைந்த மூக்குள்ள ஒரு புனலைப் பொருத்தி, அரை லிட்டருக்கு மேல் ஊற்றினார். பிரிட்டிஷ் ராணுவத்தில் .303 லீ என்ஃபீல்டு ரைஃபிளுக்கு இதற்கென்றே புனல் கொடுத்திருந்தார்கள் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். குழல்வாயில் முதலில் சாம்பல் நிறத் தண்ணீர் வந்தது, பிறகு தெளிந்தது. கொதிநீர் பட்ட குழல் தொட முடியாத சூட்டில் இருந்ததால் தானே உலர்ந்துவிட்டது. அதன் பிறகுதான் துணியும் எண்ணெயும். பச்சைத் தண்ணீரிலும் உப்பு கரையும். ஆனால் சூடு உலர்த்தும் வேலையையும் சேர்த்துச் செய்துவிடுகிறது. போல்ட்டின் முகப்பையும் அடிக்கும் ஊசியின் முனையையும் மறக்காமல் கழுவுங்கள். உங்களுடையது வாயு விசையில் இயங்கும் ரைஃபிள் என்றால் பிஸ்டன் வரைக்கும் உப்பு போயிருக்கும், அதையும் கழற்றியாக வேண்டும்.

இதைப் படித்துவிட்டு, "இருபது ஆண்டுகளாக எண்ணெய் மட்டும்தான் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சிலர் சொல்வார்கள். பொய் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் இருப்பது வறண்ட காற்றாக இருக்கலாம், குழலில் குரோம் பூச்சு இருக்கலாம். மோசினின் குழலில் அது கிடையாது. இன்னும் சிலர் அமோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவம் உப்பை முறிக்கும் என்பார்கள். அது அமிலம் இல்லையே, முறிப்பதற்கு என்ன இருக்கிறது? அந்தத் திரவத்தில் வேலை செய்வது அதிலுள்ள தண்ணீர்தான்.

சுடும்போதும் ஒரு எச்சரிக்கை. விசையை இழுத்ததும் 'டிக்' என்ற சத்தம் மட்டும் கேட்டால் போல்ட்டைத் திறக்காதீர்கள். பழைய தோட்டா சில நேரம் தாமதித்து வெடிக்கும். குழலை இலக்கு நோக்கியே பிடித்து முப்பது வரை மெதுவாக எண்ணுங்கள். என் டப்பாவிலேயே ஒன்று அப்படி வெடித்தது. சோவியத் குண்டுகள் பலவற்றின் மேலுறை எஃகு, காந்தம் ஒட்டும். அதனால் சில சுடுதளங்களில் அனுமதிக்க மாட்டார்கள். முன்பே கேட்டுவிடுங்கள்.

சுடாமல் சேகரிக்கத்தான் போகிறீர்கள் என்றால் ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து மெருகு ஏற்றாதீர்கள். இதைப் பற்றி எனக்கு நீண்ட நாள் வருத்தம் உண்டு. ஒரு கண்காட்சியில் .303 தோட்டாக்களை வரிசையாக அடுக்கி, பித்தளை பளபளக்கத் தேய்த்து வைத்திருந்தார் ஒருவர். பிரிட்டிஷ் தோட்டாவில் பிரைமரைச் சுற்றி ஒரு வண்ண வளையம் இருக்கும். ஊதா என்றால் சாதாரணக் குண்டு, பச்சை என்றால் கவசம் துளைப்பது, சிவப்பு என்றால் ஒளித்தடம் விட்டுச் செல்வது. அவர் எல்லா வளையங்களையும் துடைத்து எடுத்துவிட்டார். அடியில் பொறித்திருந்த ஆலை எழுத்துகளும் பாதி மழுங்கிவிட்டன. புனே அருகே கிர்க்கி ஆலையில் செய்ததைக் காட்டும் கே.எஃப். முத்திரை ஒன்றை விரல் நகத்தால் தடவித்தான் கண்டுபிடித்தேன். கறுத்துப்போன பித்தளை அழுக்கு இல்லை. அதை எடுத்த பிறகு கையில் மிஞ்சுவது ஏதோ ஒரு தோட்டா, அவ்வளவுதான். அவரிடம் சொன்னேன், அழகாக இருக்கிறதே என்றார். காகிதப் பொட்டலங்களைக் கிழித்து எறிபவர்கள் மேலும் எனக்கு இதே கோபம்தான். தொகுதி எண்ணும் ஆண்டும் அந்தக் காகிதத்தில் அல்லவா அச்சாகியிருக்கின்றன?

கடைசியாக, மரப்பெட்டியோடு வாங்கினால் உள்ளே திறப்பான் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு டப்பாக்களுக்கு ஒன்றுதான் வைப்பார்கள், பெரும்பாலும் முந்தையவர் எடுத்துக்கொண்டு போயிருப்பார். தகரம் தடிமனானது, உளியால் கிழித்தால் விளிம்பு கத்திபோல் நிற்கும். கையுறை போட்டுக்கொண்டு திறவுங்கள்.