ஏ ஸ்டாண்டு செய்கிறீர்களா? கர்டரை விடுங்கள், காலைப் பாருங்கள்

கேள்வி: காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். எஞ்சின் 700 கிலோ வரை வரும். கூரை சிமென்ட் ஷீட், அதைத் தாங்குவது மெல்லிய ஆங்கிள் டிரஸ் (இரும்புச் சட்டம்). அதில் செயின் பிளாக் (சங்கிலி இழுத்து எடை தூக்கும் கருவி) மாட்ட பயமாக இருக்கிறது. காயலான் கடை பைப்பில், சக்கரம் வைத்த ஏ ஸ்டாண்டு (இரண்டு பக்கமும் A வடிவக் கால், மேலே குறுக்கே ஒரு கர்டர்) செய்துகொள்ளலாமா?

பதில்: பயந்தது நல்லது. அந்த டிரஸ் ஷீட்டையும் காற்றையும் தாங்கப் போட்டது, எஞ்சினை அல்ல. ஸ்டாண்டு தாராளமாகச் செய்யலாம்.

எல்லோரும் முதலில் கேட்பது கர்டர் சைஸ்தான். அதில் பெரிய சிக்கல் இல்லை. கால்களுக்கு நடுவே 8 அடி என்றால் 150 மி.மீ. ஐ பீம் போதும். நடுவில் 1 டன் தொங்கினாலும் 2 மி.மீ. அளவுக்குத்தான் வளையும். பழைய கர்டர் வாங்கினால், கீழ்ப் பட்டையில் நடுப்பகுதியில் ஓட்டையோ கேஸ் கட்டிங் வெட்டோ இருந்தால் வேண்டாம்.

ஸ்டாண்டு உடைந்து விழுவதைவிடச் சாய்ந்து விழுவதுதான் அதிகம். 9 அடி உயரம் என்றால் கால் விரிப்பு நாலரை அடிக்குக் குறையக் கூடாது. இது முன்பின் சாயாமல் இருக்க. பக்கவாட்டில் ஆடாமல் இருக்க, காலும் கர்டரும் சேரும் இரண்டு மூலையிலும் சாய்வுத் தாங்கல் கொடுங்கள். நிறையப் பேர் மறப்பது இதைத்தான்.

சக்கரத்தில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். எடையை நாலால் வகுத்து வாங்குவது தப்புக் கணக்கு. மேடுபள்ளமான தரையில் இரண்டு சக்கரமே மொத்தத்தையும் தாங்கும் நேரம் வரும். உங்களுக்கு ஒவ்வொன்றும் 500 கிலோ தாங்க வேண்டும், விட்டம் 6 அங்குலத்துக்குக் குறையாமல். சின்னச் சக்கரம் தரையில் கிடக்கும் ஒரு நட்டில் இடித்தால் போதும், கீழே நின்றுவிடும், மேலே எஞ்சின் ஆடிக்கொண்டே முன்னால் போகும். அதனால் எஞ்சின் தொங்கும்போது ஸ்டாண்டைத் தள்ளவே தள்ளாதீர்கள். தூக்கி, அடியில் டிராலியை விட்டு, இறக்கி, டிராலியை நகர்த்துங்கள். நாலு காலிலும் ஸ்க்ரூ ஜாக் வைத்தால் தூக்கும் நேரத்தில் சக்கரத்துக்கு வேலையே இல்லை. எஞ்சினைச் சாய்வாக இழுப்பதும் கூடாது.

காலுக்குப் பைப் 3 அங்குலம், சி கிளாஸ் (தடித்த ரகம்). புதிதென்றால் சிவப்புப் பட்டை இருக்கும், கனம் 4.8 மி.மீ. உங்கள் பக்கத்து உப்புக் காற்றில் பழைய பைப் வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே துரு தின்றிருக்கும். முனையை அறுத்து, வெர்னியர் (அளவுகோல் கருவி) வைத்துக் கனத்தைப் பாருங்கள். 4 மி.மீ.க்குக் கீழே இறங்கியிருந்தால் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள். ஜிஐ பைப் என்றால், வெல்டிங் வைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்துவிட்டு வையுங்கள், அந்தப் புகை காய்ச்சல் கொடுக்கும்.

வெல்டிங் தொடங்குமுன் வரைபடத்தை ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டிவிடுங்கள். முடித்ததும் எடை போட்ட 900 கிலோ இரும்பை 4 அங்குலம் மட்டும் தூக்கி, பத்து நிமிடம் நிறுத்தி, இறக்கியபின் ஒவ்வொரு வெல்டையும் பாருங்கள். அப்புறம் கர்டரில் "700 கிலோ" என்று பெரிதாக எழுதுங்கள்.

செயின் பிளாக் மட்டும் புதிதாக வாங்குங்கள். 1 டன் பிளாக்கே ஒரு அடி உயரத்தைத் தின்னும், அதையும் கணக்கில் சேர்த்து ஸ்டாண்டு உயரத்தை முடிவு செய்யுங்கள். வாங்கிய அன்றே கொக்கியின் வாய் அகலத்தை அளந்து எழுதி வையுங்கள். பின்னால் அது பத்தில் ஒரு பங்கு விரிந்திருந்தால் அந்தக் கொக்கியை மாற்றியே ஆக வேண்டும்.