வாடகைக் காருக்கு எந்த கவர்: 250 ரூபாயா, 500 ரூபாயா?

கேள்வி: நாங்க கோபிசெட்டிபாளையமுங்க. அடுத்த மாசம் குடும்பத்தோட வால்பாறை போறோம். எங்க கார்ல ஏழு பேர் உக்கார முடியாது, அதனால கோயமுத்தூர்ல செல்ஃப் டிரைவ் வண்டி மூணு நாளைக்கு எடுக்கலாம்னு இருக்கோம். கவர் எதுவும் எடுக்கலைன்னா சேதம் முழுசும் எங்க பொறுப்பாம். நாளுக்கு 250 கட்டினா 10,000 வரைக்கும்தான் எங்க கையில இருந்து போகும், 500 கட்டினா 2,000 வரைக்கும்தான்னு சொல்றாங்க. தெரிஞ்சவர் ஒருத்தர் அவரோட சொந்த வண்டியைக் கம்மி வாடகைக்குத் தர்றேங்கறார், அதுக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்குதாம். நானும் தம்பியும் மாத்தி மாத்தி ஓட்டுவோம். செலவு கம்மியா எதை எடுக்கறதுங்க?

பதில்: முதல் வேலையாக அந்தத் தெரிஞ்சவர் வண்டியை விட்டுவிடுங்கள். அவர் பொய் சொல்லவில்லை, இன்சூரன்ஸ் இருக்கத்தான் செய்யும். ஆனால் சொந்த உபயோகக் காருக்கான பாலிசியில், வண்டியை வாடகைக்கோ கூலிக்கோ விடக் கூடாது என்று தெளிவாகவே எழுதியிருக்கும். ஆழியாறு தாண்டி ஒரு வளைவில் வண்டி சுவரில் மோதினால், யார் ஓட்டினார், எதற்கு ஓட்டினார் என்று சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் விசாரிப்பார். வாடகை என்று தெரிந்தால் கிளெய்ம் மறுக்கப்படலாம். வழக்குப் போட்டு ஒரு பகுதியை வாங்கியவர்களும் உண்டு. அதற்கு எத்தனை வருஷம் நடப்பது? அதற்குள் உங்களுக்கும் அவருக்கும் இருக்கிற பழக்கம் போய்விடும்.

முறையாக வாடகைக்கு விடப்படும் செல்ஃப் டிரைவ் காருக்குக் கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கும். வெள்ளை போர்டு சொந்த உபயோகத்துக்கு, மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்து டிரைவரோடு வரும் டாக்சிக்கு. அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் வண்டி நம்பரை வாங்கி எம்-பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். இன்சூரன்ஸ், எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எந்தத் தேதி வரை என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

இனி 250, 500 விஷயம். இந்தப் பணத்தை வாங்குவது பெரும்பாலும் இன்சூரன்ஸ் கம்பெனி இல்லை, வண்டிக்காரரே. வண்டிக்கு அவர் தனியாக பாலிசி போட்டிருப்பார். நீங்கள் கட்டும் தொகைக்கு அவர் தருவது, சேதம் வந்தால் இவ்வளவுக்கு மேல் உங்களிடம் கேட்க மாட்டேன் என்கிற வாக்கு, அவ்வளவுதான். அதனால் பாலிசியில் என்ன இருக்கிறது என்பதைவிட, நீங்கள் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்பதே உங்களைக் காப்பாற்றும்.

வண்டிக்குத்தான் பாலிசி இருக்கிறதே, பிறகு நம்மிடம் ஏன் வாங்குகிறார்கள் என்று பலர் கேட்கிறார்கள். ஒரு பம்பரை எடுத்துக்கொள்வோம். புதுசு 8,000 ரூபாய் என்று வையுங்கள். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குச் சாதாரண பாலிசியில் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். பம்பர் நேற்று மாட்டியதாக இருந்தாலும் அதே கணக்குதான். மீதி 4,000. அதிலும் கட்டாயப் பிடித்தம் ஒன்று போகும். இந்தச் சில்லறைக்காக கிளெய்ம் போட்டால் கிளெய்ம் போடாதவருக்கு அடுத்த வருஷ பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் கைவிட்டுப் போகும். அதனால் கீறல், நசுங்கல், உடைந்த விளக்கு போன்றவற்றை வண்டிக்காரர் இன்சூரன்ஸுக்கே கொண்டுபோக மாட்டார். உங்கள் டெபாசிட்டில் கழித்துக்கொள்வார். வாடகை வண்டிச் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். வண்டியே உருண்டுபோகிற பெரிய விபத்துக்கு பாலிசி வந்து நிற்கும்.

உங்கள் கணக்கைப் போடுவோம். மூன்று நாளுக்கு 250 வீதம் 750, 500 வீதம் 1,500. கவரே இல்லாமல் போவது என்ற முதல் வழியை மலைப் பயணத்துக்கு நான் சொல்ல மாட்டேன். ஈரோட்டில் ஒரு கல்யாணம் பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்புவதாக இருந்தால் யோசிக்கலாம். மற்ற இரண்டுக்கும் வித்தியாசம் 750 ரூபாய். அதற்குக் கிடைப்பது, 10,000 என்ற வரம்பு 2,000 ஆகக் குறைவது, அதாவது அதிகபட்சம் 8,000 மிச்சம். இப்படிப் பத்துப் பயணம் போனால் அதில் ஒரு தடவையாவது பெரிய அடி வாங்குவோம் என்று நினைப்பவருக்குத்தான் 500 கட்டுப்படியாகும். சின்ன அடி என்றால் லாபம் இன்னும் குறைவு. 3,000 ரூபாய் சேதத்தில் உங்களுக்கு மிஞ்சுவது 1,000தான்.

மலையில் ஓட்டிப் பழகியவர் நீங்கள் என்றால் 250 போதும் என்பேன். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். எதிரே பஸ் வந்தால் ஒதுங்குகிற இடத்தில்தான் பக்கவாட்டுக் கதவும் கண்ணாடியும் அடிபடும். தம்பி மலையில் ஓட்டாதவர், அவருக்கும் ஸ்டியரிங் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் 500ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இல்லை, தம்பியைப் பொள்ளாச்சி வரைக்கும் ஓட்டச் சொல்லிவிட்டு 750 ரூபாயை மிச்சம் பிடியுங்கள். எப்படியானாலும் அவர் பெயரும் லைசென்ஸ் நகலும் ஒப்பந்தத்தில் ஏறியிருக்க வேண்டும். பெயர் இல்லாதவர் ஓட்டி இடித்தால் எந்த கவரும் செல்லாது என்பது வழக்கமாக எழுதப்படும் ஷரத்து.

இரண்டில் எதை எடுத்தாலும் வரம்புக்கு வெளியே நிற்பவை சில உண்டு, நிஜமான செலவு அங்கேதான் ஒளிந்திருக்கும். டயர், ரிம், அடிப்பாகம், சாவி தொலைவது, கிளட்ச். ஏழு பேரை ஏற்றிக்கொண்டு ஏற்றத்தில் ஹாஃப் கிளட்ச்சிலேயே நின்று நின்று போனால் கிளட்ச் கருகும். அதை விபத்து என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாட்களுக்கான வாடகையையும் சிலர் கேட்பார்கள். அந்த வாடகை 10,000 வரம்புக்குள்ளா, வெளியிலா என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் 250ஆ 500ஆ என்பதைவிட இந்த ஒரு பதில்தான் முக்கியம்.

மழை இருந்தால் கோயமுத்தூருக்குள்ளேயே ஒரு ஆபத்து இருக்கிறது. லங்கா கார்னர், கிக்கானி ஸ்கூல் பாலங்களுக்கு அடியில் தண்ணீர் நிற்பது ஊருக்கே தெரிந்த கதை. அதில் வண்டியை விட்டு, நின்றுபோன பிறகு மறுபடி ஸ்டார்ட் செய்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் போய் ராடு வளையும். எஞ்சின் புரொடெக்ட் என்ற ஆட்-ஆன் இல்லாத பாலிசி இதற்குப் பணம் தராது. வண்டிக்காரரும் உங்கள் கவனக்குறைவு என்றே சொல்வார். நின்றுவிட்டால் சாவியைத் தொடாமல், தள்ளி வெளியே கொண்டுவாருங்கள்.

வீட்டில் இருக்கும் காருக்கு ஃபுல் கவர் இருக்கிறதே என்றும் எண்ண வேண்டாம். நம் நாட்டில் பாலிசி வண்டியோடு ஒட்டியது. உங்களோடு கூட வராது.

யாரும் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காருக்கு நடக்கும் சேதத்தைப் பற்றியே பேசுகிறோம், ஓட்டுகிற உங்களுக்கு? காரோடு வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, வண்டியின் சொந்தக்காரரே ஓட்டும்போது அவருக்கு உரியது. உங்கள் தவறால் விபத்து நடந்து உங்களுக்கே அடிபட்டால், மூன்றாம் நபர் காப்பீட்டிலும் கேட்க முடியாது. இரவல் வண்டி ஓட்டியவர் உரிமையாளர் இடத்தில் நிற்கிறார் என்று உச்ச நீதிமன்றம் 2009இல் நிங்கம்மா வழக்கில் சொல்லிவிட்டது. உங்கள் பெயரிலும் தம்பி பெயரிலும் வருஷத்துக்கு ஒரு தனிநபர் விபத்து பாலிசி எடுத்துக்கொள்ளுங்கள். அது எந்த வண்டியை ஓட்டினாலும் கூட வரும். மிச்சம் பிடித்த 750ஐ இதில் போட்டால் எனக்குத் திருப்தி.

வண்டி எடுக்கும்போது பகல் வெளிச்சத்தில் சுற்றிலும் ஒரு வீடியோ எடுங்கள். நாலு வீலின் ரிம், முன்பம்பரின் கீழ் விளிம்பு, கண்ணாடியில் உள்ள சின்ன வெடிப்பு, ஸ்டெப்னி, டேஷ்போர்டில் கிலோமீட்டர், பெட்ரோல் முள், எல்லாம் வர வேண்டும். அதை அங்கேயே வண்டிக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டால் தேதியும் நேரமும் பதிவாகிவிடும். வழியில் எங்காவது உரசினால் உடனே ஃபோன் செய்யுங்கள். அவர் சொல்லாமல் வால்பாறையிலேயே டிங்கரிங் பார்க்க வேண்டாம். சர்வேயர் பார்ப்பதற்கு முன் வேலை செய்துவிட்டால் கிளெய்ம் சிக்கலாகும். ஆளுக்கு அடிபட்டால் 108க்கும் போலீசுக்கும் சொல்வது முதல் வேலை.

திரும்பி வரும்போது இரவு பத்து மணிக்கு வாட்ச்மேன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிடாதீர்கள். பொறுப்பான ஆள் நின்று பார்த்து, சேதம் இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகு கிளம்புங்கள். டெபாசிட்டில் ஏதாவது கழித்தால், ஒர்க்‌ஷாப் பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.